அணுக்களும் நகர்ந்தன

மார்ச் 4

உறைகுளிரின் சக்கரவர்த்தினி, ஊசிமுனையால் உலகாளும் என் மருமகளுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை, அத்தை சாட்சி. குளிர வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுவது மீக்கடத்தி, அதில் காந்தம் நூல் நூலாக இறங்கும், ஒவ்வொரு நூலையும் சுற்றி மின்சாரம் சுழலும், தொடாமலே மேலே ஊர்கிற ஊசி அந்தச் சுழல்களைப் படம் பிடிக்கும் என்று பால்காரர் வரை பாடம் நடத்திவிட்டேன். ஒழுங்கு தப்பாமல் நிற்க வேண்டிய சுழல்கள் உன் படத்தில் மட்டும் பாதியில் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கின்றன, யாரும் காணாத அதிசயம், மாநாட்டில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் சலூன்காரர் கத்திரி துள்ளியது. என் காதில் கால்வாசி போயிற்று. போகட்டும், இன்னொன்று இருக்கிறது.

சும்மா ஒரு சந்தேகம். அந்த நகர்வு விழுந்தது நான் உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்த அன்றைக்கா?

உன் மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமா,

காதுக்கு மருந்து போடச் சொல்லுங்கள் அத்தையிடம். ஆமாம், அன்றைக்குத்தான், நான் டீ வாங்கப் போயிருந்த நேரம். மாமா ராசி என்று பேராசிரியரிடமே சொன்னேன். ஒன்றும் கிடைக்காமல் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இதுவும் இல்லையென்றால் இந்த வருஷத்தோடு என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மாநாட்டுக்குப் புதுச் செருப்பு வாங்கிவிட்டேன்.

ஏன் கேட்டீர்கள்?

உங்கள் மருமகள்


மார்ச் 19

மருமகளே,

பட்டம் எதுவும் சூட்டாமல் தொடங்கியிருக்கிறேன். அதிலேயே ஏதோ விபரீதம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். இதற்கு முன் எழுதிப் பார்த்த பதில்களையெல்லாம் கிழித்துப் போட்டேன். ஒன்றில் பூகம்பம் வந்தது. இன்னொன்றில் ஒரு யானை.

“மாமா, இத மட்டும் தொட்றாதீங்க. காத்து மேல மிதக்குது, தும்முனாக்கூட ஊசி துள்ளிடும்” என்று சொல்லிவிட்டு நீ டீ வாங்கப் போனாய். ஊசியை உள்ளே வைத்திருக்கும் அந்த எஃகுப் பீப்பாயும் நானும் தனியாக இருந்தோம். தர்பூசணி பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டினேன். நீ வந்தபோது நாற்காலியில் நல்லபிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

நகர்ந்தது சுழலா, துள்ளிய ஊசியா? எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை அம்மாடி.

மாமா


ஏப்ரல் 2

மாமா,

இத்தனை நாளும் உங்கள்மேல் கோபம். தட்டியதற்கு இல்லை, அதைச் சொன்னதற்கு.

ஊசி ஒரே ஓட்டத்தில் இரண்டு படம் எடுக்கும். ஒன்றில் சுழல்கள், மற்றதில் அடியிலுள்ள அணுக்கள். சுழல்கள் மட்டும் நகர்ந்திருந்தால் அணுக்கள் அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் படத்தை நான் முதல் நாளே திறந்தேன். அதே கோட்டில் அணுக்களும் நகர்ந்திருந்தன, அப்படியானால் துள்ளியது ஊசிதான். மூடிவிட்டேன். பேராசிரியருக்குச் சுழல் படத்தை மட்டும் காட்டினேன். என்னை நம்பி அவர் மற்றதைக் கேட்கவில்லை. நீங்கள் விளையாட்டாகத் தட்டினீர்கள். நான் தெரிந்தே மறைத்தேன்.

நேற்று இரண்டையும் அவர் மேசையில் வைத்தேன்.

“இத எப்பப் பாத்த?”

“அன்னைக்கே சார்.”

மாநாட்டுப் பேச்சை ரத்து செய்துவிட்டார். என்னை வைத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

சலூனில் திருத்திச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு தடவை கூட்டாமல்.

மருமகள்


ஏப்ரல் 9

அம்மாடி,

சொன்னேன். படம் தப்பு, தட்டியது நான் என்று கூட்டாமல் சொன்னேன். என் புளுகையெல்லாம் காலமெல்லாம் நம்பிய மனுஷன் இதை நம்பவில்லை. “சும்மா இருங்க சார், கண்ணு பட்டுரும்னு மறைக்கிறீங்க” என்கிறார். கண்ணாடி ஓரத்தில் உன் மாநாட்டுத் தேதியை எழுதி வைத்திருக்கிறார். அழிங்க என்றால் சிரிக்கிறார்.

தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தலைகுனிந்து போகிறேன். வெட்டாத முடி கண்ணை மறைக்கிறது, அதுவும் ஒரு வசதி.

பேராசிரியர் என்ன சொன்னாலும் முதலில் எனக்கு எழுது.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் மாமா