பென்சில் படாத படம்

மஸ்கட்
3.6.1991

அன்புள்ள கங்காவுக்கு,

நான் இங்கே சுகம். உன் படம் வந்ததிலிருந்து ரொம்பவே சுகம். கேம்ப் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டேன். கழுத்தில் ஒரு வடுகூட இல்லையே! ஸ்டவ் வெடித்து இரண்டே வருஷத்தில் இப்படி ஆறிவிட்டதா? எந்த டாக்டர், என்ன மருந்து? இவ்வளவு பெரிய சேதியை ஒரு வரி எழுதக்கூடாதா, கள்ளி! இரண்டு முறை லீவைத் தள்ளிப் போட்டவன் இப்போது எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆவணியில் படப்பைக்கு வருகிறேன். உனக்கு என்ன வேண்டும், சென்ட்டா, சேலையா?

உன்,
ஜீவானந்தம்

படப்பை
19.6.1991

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். வருகிறேன் என்ற வரியை இன்னும் கூடுதலாக. அந்தச் சந்தோஷத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தழும்பு ஆறவில்லை மாமா. காது முதல் தோள் வரை அப்படியேதான் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் பரசுராமன் நெகட்டிவில் பென்சில் வைத்து மறைத்துவிட்டார். பரு உள்ள பெண்களுக்கெல்லாம் செய்வதுதானாம். நான் கேட்கவில்லை, அவராக இரக்கப்பட்டுச் செய்தது. அழகாக இருக்கிறதே என்று அனுப்பிவிட்டேன்.

போன ஞாயிறு அவர் சாப்பிடப் போன நேரத்தில், அங்கே வேலை செய்யும் ஷெர்லினை வேறு படம் எடுக்கச் சொன்னேன். கதவைச் சாத்தி, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, தோள் தெரிய முந்தானையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னாக்கா, ஊசி போட்டுக்கவா வந்துகீறே? நிமிந்து பாரு. இத்த அழிக்கணுமா, வேணாவா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

பிரிண்டை வாங்கியபோது எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு வருஷமாகப் பொட்டு வைக்கும் அளவுக்கு மட்டும் கண்ணாடி பார்த்தவள், அன்றுதான் என்னை முழுசாகப் பார்த்தேன். எனக்கு என்னைப் பிடித்திருந்தது, மாமா.

அதை இதோடு வைத்திருக்கிறேன். தீப்பட்ட பிறகு விளக்கை அணைக்காமல் நீங்கள் என் பக்கம் திரும்பியதே இல்லை. இதையாவது பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள்,
கங்கா

மஸ்கட்
8.7.1991

கங்காவுக்கு,

இங்கே வேலை அதிகம். லீவு இல்லை என்றுவிட்டார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

குடும்பப் பெண் அனுப்புகிற படமா அது? ரூமில் யாராவது பிரித்திருந்தால் என் மானம் என்ன ஆவது? கிழித்துப் போட்டுவிட்டேன். முதல் படம் சட்டைப் பையில் இருக்கிறது, எனக்கு அது போதும். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜீவானந்தம்

படப்பை
27.7.1991

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வருவீர்கள் என்று வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தேன். ஒருத்திக்கு இவ்வளவு வெளிச்சம் அதிகமாக இருக்கிறது. சாயங்காலமானால் பேச ஆளில்லை. ஒருவருக்கு அரிசி எவ்வளவு போடுவது என்று எனக்கு இன்னும் பழகவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது.

சட்டைப் பையில் இருப்பவளை எனக்குத் தெரியாது. பரசுராமன் பென்சிலால் உண்டாக்கியவள் அவள். நீங்கள் என்றைக்கு வந்தாலும் அவள் இந்த வீட்டில் இருக்கமாட்டாள்.

நீங்கள் கிழித்த படத்தின் நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. ஷெர்லின் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். ஃபிரேம் போட்டு, நம் கல்யாணப் படம் இருந்த ஆணியில் மாட்டியிருக்கிறேன். கல்யாணப் படம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

வருவதானால் பகல் பஸ்ஸில் வாருங்கள்.

கங்கா