மேல்மாடிக் குழாயும் இஸ்திரிச் சட்டையும்

ஸ்தாமென்,

அடைத்த குடைமிளகாய் அடுப்பின் மேல் இருக்கிறது. தயிர் ஊற்றிச் சாப்பிடு. நான் பிளவ்திவ் ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன்.

சமையலறைக் குழாய் இனி ஒழுகாது. நானே வாஷர் மாற்றிவிட்டேன். "நாளைக்குப் பாக்கலாம்" என்று நீ சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. மேல்மாடி விதவை வயொலேத்தா தன் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் ஓடுகிறாய்.

கீழ்த்தளத்து வால்வை மூடினால் மாடி வரிசை முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும், வாசலில் முன்கூட்டியே சீட்டு ஒட்ட வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். நான் குழாயைக் கழற்றும்போது, தலை நிறையச் சாயத்தோடு வயொலேத்தா வந்து நின்றாள்.

"ஸ்தாமென் இல்லையா? தண்ணி நின்னுபோச்சு!"

"நான் இருக்கேன், போதாதாடி?"

வேலை முடிந்து வால்வைத் திறந்த கையோடு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கும் போனேன். அவள் குழாயில் வாஷர் புத்தம் புதுசு. நட்டை மட்டும் நீ பாதிதான் முடுக்கியிருக்கிறாய். ஒரே சுற்றில் ஒழுகல் நின்றது.

"அடப்பாவி! இதுக்கா நாலு சனிக்கிழமையும் பிளம் ஜாம் குடுத்தேன்?" என்றாள் அவள்.

கடைசி ஜாம் பாட்டிலை எனக்குக் கொடுத்தாள். அதைத் தொடாதே.

தோன்கா

பி.கு: படுக்கையறைக் கதவு கிரீச்சிடுகிறது. கீலில் எண்ணெய் விட எனக்கும் தெரியும். ஆனாலும் அதை உனக்காக மிச்சம் வைத்திருக்கிறேன், கிழவா. அந்த இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு செய்.