உடைக்காத மரப்பெட்டிகள்

அன்புள்ள என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே.

இங்கே ஒரு வேடிக்கை. இந்த நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் எல்லைத் தகராறு முற்றுகிறது என்று எங்கும் பேச்சு. எங்கள் கம்பெனியோ போன வாரம் புது இயந்திரங்களை இறக்கியது. "நாம இங்கயே நிலைச்சு நிக்கப்போறோம்" என்றார் மேலாளர். தொழிலாளர்களுக்கு மொழி கற்பிக்கும் நானும் கைதட்டினேன்.

அடுத்த மாதம் நீ வரும்போது பாத்திரம் அடுக்க அலமாரி வேண்டுமே என்று, இயந்திரங்கள் வந்த மரப்பெட்டிகளிலிருந்து நான்கு பலகை கேட்டேன். கிடங்குக்காரர் சிரித்தார்.

"வாத்தியாரே, ஒரு ஆணிகூடத் தர முடியாது. எந்தப் பெட்டி எந்த மெஷினுக்குன்னு நம்பர் போட்டு வைக்கச் சொல்லியிருக்காங்க."

"எதுக்காம்?"

"சண்டை வந்தா ரெண்டே நாள்ல வேற நாட்டுக்குக் கப்பலேத்தத்தான். உங்களையும் என்னையும் வைக்கத்தான் பெட்டி இல்ல."

புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்காரும் மாணவர்களை எத்தனை பார்த்திருக்கிறேன். முகம் பாடத்தில் இருக்கும், காது மணியில் இருக்கும்.

பயப்படாதே, என் சந்தேகம் பொய்யாகவும் போகலாம். ஆனாலும் நம் வீட்டுக்குக் குடிவர இருப்பவரிடம் சாவியைக் கொடுத்துவிடாதே. பழியை என்மேல் போடு. என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. கூடவே நாலு வரி எழுது, என்னைத் திட்டியாவது எழுது.

ஆலை வண்டி வந்துவிட்டது. இங்கே கொண்டுவர அட்டைப்பெட்டிகளில் கட்டிவைத்த பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிவிடு. அந்தப் பெட்டிகளை மட்டும் தூக்கி எறியாதே.

உன்,
வாத்தியார்