முந்தினதுக்கு வெடித்த சரவெடி

மேலகரம்,
ஐப்பசி மாதம்.

அன்பு மக வேல்விழிக்கு,

அம்மா எழுதுதேன். இங்கன நானும் அப்பாவும் கைகால் சுகத்தோட இருக்கோம், அங்கன நீயும் உன் காரும் சேதாரம் இல்லாம இருக்கணும். நல்லா இருக்கியாட்டின்னு கேட்டா "ம்"னு ஒரு மெசேஜ் போடுத, அந்த ஒத்தை எழுத்தை வச்சு நான் என்னத்தைத் தெரிஞ்சுக்கிட. போனையும் எடுக்க மாட்டேங்க. முகம்மது சலீம் அண்ணன் மக ஹஸீபா ஜப்பான்ல நீ இருக்க ஊருக்கே வேலைக்கு வருதா, வியாழக்கிழமை உன்னைப் பார்ப்பா, அவ கையில நேந்திரம் சிப்ஸும் இந்தக் காயிதமும் கொடுத்து விடுதேன். காயிதத்தைக் கட் பண்ண முடியாதுல்லா.

இங்கன மழை அடிச்சு ஊத்துது. அருவியில குளிக்கத் தடை போட்டுட்டாங்க, வேனுக்கு ஓட்டம் இல்லை, அப்பா குற்றாலம் ஸ்டாண்டுலயே கிடக்காவ. போன மாசம் நீ ஓட்டின போட்டியையும் அங்கன வச்சுத்தான் பரமசிவன் அண்ணாச்சி போன்ல டிரைவர்மார் எல்லாரும் பார்த்தாவ. முன்னால வெள்ளைக் கார், பின்னால உன் நீலக் கார், ரெண்டும் பக்கவாட்டுல வழுக்கிக்கிட்டே போவுது, டயர் புகையில ஒண்ணும் தெரியலை, கடைசி வளைவுல நீ காரை நேராக்கி வெள்ளையைத் தாண்டிட்ட. எங்க பிள்ளை முந்திட்டாளேன்னு அப்பா கத்தின கத்துல அண்ணாச்சி சரவெடியே கொளுத்திட்டாவ, ஸ்டாண்டு பூரா லட்டு, குளிக்க வந்த மலையாளத்துக்காரங்க எந்தக் கட்சி ஜெயிச்சதுன்னு விசாரிச்சிருக்காங்க. சாயங்காலம் நீ அழுதுகிட்டே சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். பின்னால வார கார் முந்தக் கூடாது, முன்னால போற காரோட கதவை ஒட்டி, அதே சாய்வுல வழுக்கிக்கிட்டே போவணும், வழுக்குறதை விட்டுட்டு நேரா தாண்டினா முட்டை மார்க். இடிச்சிருவேன்னு பயந்து ஸ்டியரிங்கை நேராக்கிட்டேம்மான்னு சொன்ன. முந்தினவளுக்கு முட்டை போடுத போட்டியும் உலகத்துல உண்டான்னு அப்பா பாதி லட்டைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாவ.

அன்னைக்கோட நீ பேச்சை நிறுத்திட்ட. வாரப் போற கடைசிப் போட்டியில ஓட்ட மாட்டேன், பழையபடி டயர் மாட்டுத வேலையே போதும்னு முதலாளிகிட்ட ஞாயித்துக்கிழமை சொல்லப் போறதா ஒரு மெசேஜ் மட்டும் போட்ட.

சித்திரையிலருந்து நீ ஓட்டின எல்லாத்தையும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கேன் வேலு. முதல் போட்டியில சுவத்துல உரசி பின் பம்பர் பிஞ்சு தொங்குச்சு, அடுத்ததுல தகுதிச் சுற்றே தாண்டலை. அதுக்குப் பிறகு அந்த மழைப் போட்டி. ரோடு ஒரு பக்கம் வளையுது, உன் சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கு, சுவத்துக்கும் காருக்கும் நடுவுல ஒரு கை நுழையாது, நீ ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுக்கலை. உன்கிட்ட தோத்த ஆளு இறங்கி வந்து உன் முன்னால குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போனான். ஐ.டி.ஐ.யில நீ மெக்கானிக் படிக்கச் சேர்ந்தப்போ பொம்பளைப் பிள்ளை காருக்கு அடியில படுத்துக் கிடக்குன்னு இளிச்ச ஊரு இது. அந்த ஒரு கும்பிடு போதும்டி எனக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். ராயகிரிக்கு அங்கிட்டு எங்க அண்ணன் ஊர்ல, நம்ம தெருப் பிள்ளை புது பைக்குல போனா இன்னும் சிலருக்கு வயிறு எரியுது. ஆவணியில அண்ணன் மகன் பாண்டியை நடுத்தெருவுல வழிமறிச்சு, இறங்கி உருட்டிட்டுப் போலேன்னு சாவியைப் பிடுங்கியிருக்கானுவ. எல்லாம் காலேஜ் படிச்சவனுவ. புகார் சொல்லப் போன இடத்துல, சுத்திப் போனா என்ன தம்பின்னு இவனுக்கே புத்தி சொன்னாங்களாம். அதுலருந்து உன் மச்சான் குளத்தங்கரையைச் சுத்தித்தான் வேலைக்குப் போய்க்கிட்டிருந்தான். நீ முட்டை வாங்குனியே, அதுக்கு மறுநாள் போன் போட்டு, அத்தை, இன்னைக்கு நடுத்தெரு வழியாத்தான் போனேன், வேலு ஓட்டினதைப் பார்த்த பிறகு எனக்குச் சுத்திப் போவ வெக்கமா இருந்துச்சுன்னான். அட கோட்டிக்காரா, அவ தோத்துட்டாளேன்னேன். இருக்கட்டும் அத்தை, ஓட்டினாள்லான்னான். மறுபடி மறிச்சிருக்கானுவ, இவன் இறங்கலை. இப்பம் தினமும் அந்த வழிதான், கூட இன்னும் ரெண்டு பயலுவ பைக்குல வாரானுவ. மூணும் ஒட்டி ஒட்டியே போவுதாம், ஒருத்தனை ஒருத்தன் முந்துறதில்லையாம்.

ஏட்டி, நீ இடி, சுவத்துல மோது, இன்னொரு முட்டை கூட வாங்கு, அப்பா தாங்கிக்கிடுவாவ. இந்தத் தடவை மார்க் வந்த பிறகுதான் லட்டுன்னு இப்பமே சொல்லிட்டாவ. ஆனா நீயா காரை விட்டு இறங்காத. இறங்குன்னு சொல்ல இங்கனயே ஆள் நிறைய கிடக்கு, அதுக்கு ஜப்பான் வரைக்கும் எதுக்குப் போன?

ஹெல்மெட் வாரை இறுக்கிப் போடு. சிப்ஸ்ல ஒரு பொட்டலம் முதலாளிக்குக் கொடு, கொடுக்கும்போதே ஓட்டுதேன்னு சொல்லிரு. மனசு நிறைஞ்சு வாழ்த்துதேன், நல்லா இருப்ப.

உன் அம்மா
மாரிச்செல்வி கடற்கரை