செல்லக்கனிக்குப் பாதி, பிரவீனாவுக்குப் பாதி

வல்லம் வடகால்
பிப்ரவரி 9

அன்பு மகள் மெர்சிக்கு, இயேசுவின் நாமத்தில் அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி ஹேமந்தும் சுகம். ஊழியத்துக்குப் போன மலாவியில் நீயும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போனில் கேட்டால் ஸ்தோத்திரம்மா, சிக்னல் போகுதும்மா என்று வைத்துவிடுகிறாய். நான் மலேரியா என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் சரியாக சிக்னல் போவது பெரிய அற்புதம்தான், அதையும் சாட்சி சொல்லலாம். அதனால் தாளில் எழுதுகிறேன், ஹேமந்த் போட்டோ எடுத்து அனுப்புவான், இதைப் பாதியில் கட் பண்ண உன்னால் முடியாது.

எனக்கு இந்த மாதம் இருங்காட்டுக்கோட்டை வாடகை ரூம்களில் கொசுப்புழு பார்க்கிற டியூட்டி. நேற்று ஒரு வீட்டுக்காரம்மா, இன்னாமா தெனமும் வந்துகினு கீறே, என் வூட்டு ட்ரம்முல இன்னா தங்கமா கீது என்று கேட்டாள். டார்ச் அடித்துக் காட்டினேன், புழு நெளிவதைப் பார்த்ததும் ட்ரம்மைக் கவிழ்க்கப் போனாள். அவள் வாடகைக்கு விட்ட ரூமில் தென்காசிப் பக்கத்துப் பெண் தங்கமாரி இருக்கிறாள், கம்பெனியில் லைன் வேலை, தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கத்தான் வருது, ட்ரம்ம கவுத்திட்டா எதுலக்கா குளிக்கது என்று பாவமாகக் கேட்டாள். மூடி வாங்கிப் போடு, வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவு என்றேன், தலையாட்டினாள். ஒரு தடவை சொன்னால் கேட்கிற பெண்களும் உலகத்தில் இருக்கிறார்கள். நீ சபையில் அம்மா சுகாதாரத் துறையில் இருக்காங்க என்று சொல்வாய், கொசுப்புழு பார்க்கிறாள் என்று சொல்ல உனக்குக் கூச்சம். இப்போது பார், உங்கள் டீமில் பிரசங்கம் செய்ய ஐந்து பேர், பாட இரண்டு பேர், கொசுவைப் பற்றித் தெரிந்தவர் ஒருத்தர் இல்லை.

உன் முதல் ஜெபக் கடிதத்தைப் பாஸ்டர் ஐயா ஆராதனையில் வாசித்தார். உன்னோடு ஊழியம் செய்கிற செல்லக்கனிக்கும் பிரவீனாவுக்கும் ஒரே நாளில் மலேரியா, கிளினிக்கில் ஒருவருக்குப் போதுமான மாத்திரைதான் மிச்சம் இருந்தது, இருபத்து நாலையும் ஜெபம் செய்து ஆளுக்குப் பன்னிரண்டாகப் பங்கிட்டோம், இருவருக்கும் காய்ச்சல் விட்டது என்று எழுதியிருந்தாய். சபையே கை தட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. ஐந்து அப்பம் இரண்டு மீன் பெருகின மாதிரி மாத்திரையும் ரத்தத்துக்குள் போய்ப் பெருகும் என்று நினைத்தீர்களா? அதோடு விட்டீர்களா, காய்ச்சல் இறங்கியதற்கு நன்றியாக, மாத்திரை முடியும் முன்பே, எல்லோரும் ஒரு நாள் உபவாசம், நோயாளிகளும் சேர்த்து. எங்கள் சுகாதார ஆய்வாளர் நம்பிராஜன் சாரிடம் கேட்டேன், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும், மூன்று நாளும் முழுசாக முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் காய்ச்சல் போன மாதிரி போய்த் திரும்பி வரும் என்றார். நீங்கள் போட்டதோ வெறும் வயிற்றில் பாதி மாத்திரை. ஸ்தோத்திரத்தில் மட்டும் குறை வைக்கவில்லை.

அவர் சொன்னபடியே இரண்டு வாரத்தில் இருவருக்கும் திரும்பி வந்தது என்று உன் இரண்டாவது கடிதம் வந்தது. அதற்குள் கிளினிக்குக்கு வந்திருந்த மாத்திரையில் ஒரு செட் பிரவீனாவுக்கு, அதிலேயே நீ உனக்கென்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த செட் செல்லக்கனிக்கு, உன் கொசுவலையும் அவளுக்கே. இருவரும் இந்தத் தடவை முழுசாகப் போட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று படித்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். பாஸ்டர் ஐயா உடனே சபையில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, மெர்சியை மட்டும் வாதை அணுகவில்லை, அதற்குத் தாயார் சாட்சி சொல்லட்டும் என்றார். செல்லக்கனியின் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் ஒரு சபையில் உட்கார்ந்திருப்பாள் ஐயா, அவள் மகளுக்கு வந்தது என் மகளுக்கு வரவில்லை என்று நான் எப்படி ஸ்தோத்திரம் சொல்வேன் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஐயா அவசரமாகப் பாட்டு ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டதாம், வீடு வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடிதத்தின் கடைசி வரியில், சாயங்காலமானால் லேசாகக் குளிர்கிறது, தலை பாரமாக இருக்கிறது, அலைச்சல்தான் என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் இருக்கா, குளிர் இருக்கா என்று கேட்டு நோட்டில் எழுதுகிறவளிடம் அலைச்சல் என்கிறாய். மாத்திரையைக் கொடுத்தாயிற்று, வலையைக் கொடுத்தாயிற்று, இப்போது எனக்கும் வந்துவிட்டது என்று டீமில் சொல்ல உனக்கு மானம் போகிறது, அதுதானே? எனக்குப் பயமாக இருக்கிறது மெர்சி. ஹேமந்த் ஷிப்ட் முடிந்து வந்து, அம்மா ஏன் சோறு அப்படியே இருக்கு என்று கேட்கிறான், என்ன சொல்ல?

இதைப் படித்ததும் ஜெபக்கூட்டம், பிள்ளைகள் வகுப்பு எல்லாவற்றையும் செல்லக்கனியிடம் விட்டுவிட்டுக் கிளினிக்குக்கு வண்டி ஏறு. விரலில் ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரம், அவ்வளவுதான். மலேரியா என்றால் இருபத்து நாலு மாத்திரையும் உனக்கே, சாப்பிட்டுவிட்டுப் போடு. பக்கத்துப் படுக்கைக்காரி கேட்டாலும் தராதே, தேவதூதன் வந்து கேட்டாலும் தராதே, அவனுக்குக் கிளினிக் எங்கே என்று வழி காட்டு. இல்லை என்று வந்தால் நான் கத்தினதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன், அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். ரிசல்ட்டை முதலில் எனக்கு அனுப்பு, ஜெபக் கடிதத்தில் அப்புறம் எழுதலாம். சபையில் எல்லோரும் என்னை மகளை ஊழியத்துக்குக் கொடுத்தவள் என்கிறார்கள், வாசலில் பேனர்கூட வைத்திருக்கிறார்கள். நான் உன்னை யாருக்கும் கொடுக்கவில்லை மெர்சி, அனுப்பித்தான் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
ராஜம்மா