ராஜாவுக்கு நீ காட்டிய கை

இன்று காலை லிஃப்டுக்குள் நுழைந்ததும் அந்த வாசனை வந்தது. பாலும் ஈரச் சாக்கும் கலந்த நாய்க்குட்டி வாசனை. மூன்றாம் மாடிப் பெண் ஒரு குட்டியைத் துண்டில் சுற்றி அணைத்துக்கொண்டு நின்றாள். நேற்றுதான் வந்ததாம், வந்ததிலிருந்து ஒரே அழுகையாம். நான் இரண்டாம் மாடியில் இறங்க மறந்து அவளோடு மேலே போய்விட்டேன். பிறகு படி வழியாக இறங்கி வந்தேன். என் முழங்காலுக்கு அது ஆகாது என்று நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய்.

நீ போய் நாலு வருஷமாகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் குட்டியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, உன்னை நான் வாய்விட்டுப் பாராட்டியதே இல்லை என்று. குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அதெல்லாம் பாராட்டில் சேராது.

நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அறுபதுகளின் கடைசி. குரோம்பேட்டையில் ரயில் பாதைக்குக் கிழக்கே, தெருவுக்கு நாலு வீடு, மற்றதெல்லாம் முள்ளுக்காடு. வாலாஜாபாத்தில் பதினோரு பேர் இருந்த வீட்டிலிருந்து உன்னைக் கூட்டிவந்து அந்தக் காட்டில் விட்டுவிட்டு, எட்டு மணி எலெக்ட்ரிக் ரயிலைப் பிடித்துப் பாரிமுனைக்கு ஓடிவிடுவேன். திரும்பச் சாயங்காலம் ஆறாகும். "பகல் பூரா யார் மூஞ்சியும் பாக்காம இருந்தா எனக்குப் பேச்சே மறந்துடும்போல இருக்குங்க" என்று ஒருநாள் சொன்னாய். புகாராகச் சொல்லவில்லை, சோறு போட்டுக்கொண்டே சொன்னாய். 

அந்த வாரமே குட்டி வந்தது. என் ஆபீசில் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியர் ஒருவர் பல்லாவரம் கன்டோன்மென்ட்டில் இருந்தார். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாலு மாதக் குட்டி, பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். பெயர் ராஜா. அவர் மனைவி கண் கலங்கி, பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள், பாவம் அதற்குப் பழகிவிட்டது என்றார். நானும் பெரிய மனிதன் மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டு, தேயிலைப் பெட்டி ஒன்றில் குட்டியை வைத்து ரயிலேறி வந்தேன்.

வாசலில் நீ கேட்ட முதல் கேள்வி, கடிக்குமா என்பது. இரண்டாவது கேள்வி, பேரென்ன. சொன்னேன். உன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. என் அப்பாவின் பெயர் ராஜமாணிக்கம்.

மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று எத்தனையோ பெண்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். ஆனால் உன்னளவுக்குக் கறாராக நான் யாரையும் பார்த்ததில்லை. அடுத்த தெரு ராஜாத்தியை 'தையல்காரர் வீட்டம்மா' என்பாய். ரேஷன் கடையில் என் பெயரைக் கேட்டால் பதில் சொல்லாமல் கார்டை நீட்டுவாய். அப்படிப்பட்டவளிடம் ராஜா என்று ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

"அப்ப இத நான் எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டாய். சும்மா டேய் என்று கூப்பிடேன் என்றேன்.

"மாமா பேரு வச்ச ஜீவனை டேய்னு கூப்பிடறதா?"

அதோடு பேச்சு முடிந்தது. நீ குட்டியைக் கூப்பிடவே இல்லை. தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாய். அது பெட்டியிலிருந்து தாவிக் குதித்து உன்னிடம் போயிற்று. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போது உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கேட்டைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன். குட்டி உன் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு கிணற்றைச் சுற்றி உன்னை இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் போளூரிலிருந்து அப்பாவின் இன்லண்ட் லெட்டர் வந்தது. எழும்பூரில் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, அது முடிந்து சில வாரம் நம் வீட்டில் தங்குவதாக எழுதியிருந்தார். நாய் இருப்பது அவருக்கு யார் மூலமோ தெரிந்திருந்தது. ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புரை, இந்த நிலையில் நாய் காலில் இடறி விழுந்தால் பார்வையே போய்விடும், அதனால் ஒரு தடவை தன் காலில் இடித்தாலும் அதை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று முடித்திருந்தார். அப்பா சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் நம் ராஜாவோ வீட்டுக்குள் யார் நடந்தாலும் கால் நடுவில்தான் ஓடும்.

நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இப்போதே கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். நீ குட்டியைப் பார்த்தாய். "அஞ்சு வாரம் இருக்கில்ல?" என்றாய்.

அதற்குள் குட்டியைப் பழக்கிவிட நானும் என் பங்குக்குக் களத்தில் இறங்கினேன். பழைய புத்தகக் கடையிலிருந்து நாய் வளர்ப்பு பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கிவந்தேன். சிட், ஸ்டே, கம், நோ என்று சாயங்காலமானால் ஒரே அதட்டல். தப்புச் செய்தால் சுருட்டிய செய்தித்தாளால் ஒரு தட்டுத் தட்டு என்று புத்தகம் சொல்லிற்று. காலையில் அது கூடத்தில் ஈரம் பண்ணியதற்கு நான் சாயங்காலம் வந்து தட்டினேன். நீ என் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கிக்கொண்டாய். செய்தது காலையில், அடி விழுவது சாயங்காலம், எதற்கு அடி என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். புத்தகத்தில் அதற்குப் பதில் இருந்ததா என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

உன் வழி வேறாக இருந்தது. தின்று முடித்ததும், தூங்கி எழுந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லை முருங்கை மரத்தடியில் விடுவாய். விட்டுவிட்டு நீ முதுகைக் காட்டி நின்றுகொள்வாய். ஏன் அப்படி என்று கேட்டால், நாம பாத்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா என்பாய். காரியம் முடிந்ததும் மடியிலிருந்து நாலு பொட்டுக்கடலை. மூன்றாவது வாரத்தில் அதுவே கொல்லைக் கதவில் போய் நின்று உன்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

பேச்சுக்கு வழியில்லாததால் எல்லாம் கைதான். உள்ளங்கையை உயர்த்தினால் உட்கார வேண்டும். விரலைத் தரையை நோக்கிக் காட்டினால் படுக்க வேண்டும். தொடையில் தட்டினால் வர வேண்டும். முதலில் கையில் கடலை இருக்கும், பிறகு வெறும் கை. உட்கார்ந்த குட்டியை விட்டுவிட்டு நீ ஓரடி பின்னால் போவாய், அப்புறம் இரண்டடி, அப்புறம் அடுப்படி வரைக்கும். அது எழுந்துவிட்டால் கோபமே இல்லை. மறுபடி முதலிலிருந்து. அந்தப் பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என்னிடம் அவ்வளவு பொறுமை நீ காட்டியதில்லை.

இப்போது நம் குடியிருப்பில் இன்னொரு வீட்டு நாய்க்குப் பயிற்சி கொடுக்க, இடுப்பில் பிஸ்கட் பையோடு ஓர் இளைஞர் வருகிறார். முதலில் கை, அப்புறம்தான் வார்த்தை சார், நாய்க்குக் கண்ணால் படிப்பதுதான் சுலபம் என்று எனக்கு விளக்கினார். எங்கள் வீட்டில் ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினார்.

ஒருநாள் நான் வீட்டுக்குள் வந்தபோது நீ துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, என் குடையைத் தடியாக ஊன்றி, கூடத்தில் தட்டித் தட்டி நடந்துகொண்டிருந்தாய். நடுநடுவே அப்பா மாதிரி ஓர் இருமல் வேறு. எனக்கு ஒரு நிமிஷம் பயமாகிவிட்டது. பிறகுதான் புரிந்தது. தடிச் சத்தம் கேட்டால் குட்டி எழுந்து அடுப்படி ஓரத்துச் சாக்கில் போய்ப் படுக்க வேண்டும். அதற்கு ஒத்திகை. மறுநாளிலிருந்து எனக்கு அந்த வேஷம் வந்தது. மாமா இவ்வளவு வேகமா நடக்கமாட்டார், மெதுவா நடங்க என்று என்னைத்தான் நீ திருத்தினாய். நாய் சரியாகச் செய்தது.

அப்பா வந்தார். கட்டோடு கூடத்தில் கட்டிலில் இருந்தார். தடி தரையில் பட்டால் போதும், ராஜா சாக்குக்குப் போய்விடும். நீ கையாலேயே அதை வீடு முழுக்க நடத்திக்கொண்டிருந்தாய். ஒரு சத்தமில்லை. இரண்டு வாரம் கழித்து, நாயைக் கொடுத்துவிட்டாயா, இருக்கிற சுவடே தெரியவில்லையே என்று அப்பா என்னைக் கேட்டார். அப்போது அது அவர் கட்டிலுக்கு நாலடி தள்ளிப் படுத்து உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. உன் முகத்தில் அன்று இருந்த பெருமை, பின்னால் நம் பெண் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதும் இருக்கவில்லை.

கட்டு அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, நீ அவரைச் சாயங்காலத்தில் ரயில்வே கேட் வரை கூட்டிப்போவாய். ராஜாவும் கயிறில்லாமல் பின்னால் வரும். அன்று நான் ரயிலிலிருந்து இறங்கி, அப்பாவுக்கு மூக்குப்பொடி வாங்க ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் போய்விட்டுக் கேட்டுக்கு வந்தேன். கேட் மூடியிருந்தது. எதிர்ப்பக்கம் நீ, அப்பா, ராஜா. இரண்டு பாதை நடுவில்.

ராஜா என்னைப் பார்த்துவிட்டது. கேட்டுக்கு அடியில் புகுந்து ஓடிவர ஆரம்பித்தது. நான் செய்த காரியத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பழக்கதோஷத்தில் கையைத் தட்டி, ராஜா, கம், கம் என்று கூப்பிட்டேன். அப்போதுதான் என் பக்கத்துப் பாதையில் தாம்பரத்திலிருந்து எக்ஸ்பிரஸ் வருவதைப் பார்த்தேன். நோ, ஸ்டாப் என்று கத்தினேன். என் இங்கிலீஷ் அதன் காதில் ஏறவே இல்லை. முதல் பாதையைத் தாண்டிவிட்டது. உன் கை உயர்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஆனால் ராஜாவின் முகம் என் பக்கம் இருந்தது. உன் கையால் என்ன செய்ய முடியும்?

"ராஜா!"

அது உன் குரல் என்று எனக்கே முதலில் தெரியவில்லை. அந்த வாயிலிருந்து அந்தப் பெயரை ராஜாவும் கேட்டதில்லை. சடாரென்று திரும்பியது. உன் உள்ளங்கையைப் பார்த்தது. இரண்டு பாதைக்கும் நடுவில், ஜல்லியின் மேல் உட்கார்ந்தது. அதற்குள் எஞ்சின் வந்து உங்களை மறைத்துவிட்டது.

எத்தனை பெட்டி என்று எண்ணவில்லை. சக்கரங்களுக்கு இடையில் குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கடைசிப் பெட்டி கடந்தபோது ராஜா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நீயும் உயர்த்திய கையை இறக்காமல் நின்றிருந்தாய். கேட் திறக்கும் வரை இறக்கவில்லை.

கேட்காரர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "ரயிலு வந்துகினு கீது, இன்னாத்துக்கு சார் அத்தக் கூப்ட்டே? அந்தம்மா இல்லாங்காட்டி இன்னா ஆயிருக்கும்?" என்றார்.  

நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தபோது நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். ரயிலுக்காக இல்லை. மாமனாரை முன்னால் வைத்துக்கொண்டு அவர் பெயரை ஊர் கேட்கக் கத்திவிட்டாய். தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, மன்னிச்சிடுங்க மாமா, வாய் தவறிடுச்சு என்றாய். அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரப்பட்டுப் பேசுகிறவர் இல்லை அவர்.

"எங்க அம்மா என்னை அப்படித்தாம்மா கூப்பிடுவாங்க. அவங்க போனப்புறம் யாரும் கூப்பிட்டதில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாய் இருக்கட்டும்டா" என்றார்.

ராஜா பன்னிரண்டு வருஷம் நம்மோடு இருந்தது. அப்பா ஊருக்குப் போன பிறகு அவர் எழுதும் கடிதங்களில் கடைசி வரி அதற்குத்தான். இனிமேல் பெயர் சொல்லியே கூப்பிடு என்று அவரே உனக்கு எழுதினார். நீ கேட்கவில்லை. அந்த ஒரு தடவையோடு சரி.

எனக்கு மனதில் ஒரு பொறாமை இருந்தது. நாய்க்காக மாமனார் பெயரைச் சொன்னவள் என் பெயரை இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை. நம் பெண் கல்யாணமாகிப் போன பிறகு ஒருநாள் கேட்டேவிட்டேன். அன்று தண்டவாளத்தில் நான் நின்றிருந்தால் என் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பாயா என்று. நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். நிமிரவே இல்லை.

"எதுக்குக் கத்தணும்? அது அன்னிக்கு என்னைப் பாக்கல, அதான் கத்தினேன். நீங்க எப்பவும் என்னைத்தானே பாத்துக்கிட்டு இருக்கீங்க. கை காட்டினா போதும்."

இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.