நீ நீட்டி வரைந்த பாம்பு

மகளே,

இன்று சோறு வடித்துவிட்டு அடுப்புக் கரியில் தண்ணீர் தெளித்தேன். ஈரக் கரியின் வாடை முகத்தில் அடித்தது. கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, உனக்குத் தெரியும். வந்தவரைக்கும் எழுதுகிறேன்.

கொஸ்லந்தைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் நாம் இருந்த லயத்து வரிசை வீட்டில், உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையில் நீ கரியால் பாம்பும் ஏணியும் வரைவாய். மற்றப் பிள்ளைகள் வெறும் கட்டம் போட்டு எண் எழுதுவார்கள். நீ கட்டத்துக்குக் கட்டம் தோட்டத்தையே வரைந்தாய். கீழே தேயிலை அரைக்கும் ஸ்டோர், உச்சியில் கோயில், நடுவில் நம் லயம். ஏணி என்றால் மலைப் படிக்கட்டு. லயத்துக்கு மேலே, தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு பாம்பு. விளையாட விளையாடக் கரி அழிந்துபோகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் புதிதாக வரைவாய். அதற்கு முன் மலையேறிப் பார்த்துவிட்டு, சேறும் அட்டைக்கடியுமாய் வந்து நிற்பாய். ஏசினால், "பாக்காம எப்படிம்மா வரையிறது?" என்பாய்.

வாரத்துக்கு வாரம் பாம்பு நீண்டது. முதலில் வால் தேயிலைச் செடிக்குள் இருந்தது. பிறகு கோழிக்கூடு வரை வந்தது. ஐப்பசி மழை பிடித்தபோது நம் வீடான காம்பராவின் வாசலைத் தொட்டது. தம்பி அதில் இறங்கி இறங்கி அழுதான். அவனை அழவைக்கத்தான் நீட்டுகிறாய் என்று நினைத்தேன். சின்னதாகப் போடச் சொன்னேன்.

"நான் நீட்டலம்மா. அங்க நெலம் வெடிச்சிருக்கு. போன வாரம் பதினோரு அடி வச்சு அளந்தேன், இப்ப இருபதுக்கு மேல வருது. கங்காணிகிட்ட சொல்லும்மா."

"பாம்புப் படத்தக் கொண்டுபோய் அவருகிட்ட காட்டவா? காலைப் பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப எல்லாரும் சிரிப்பாங்க."

சொல்லிவிட்டு, ஈரத்துணியால் நானே அந்த வாலைத் துடைத்தேன். நீ தடுக்கவில்லை. பலகையில் கரித்தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நாள் முழுக்க மலையில்தான் கொழுந்து எடுத்தேன். அந்தப் பக்கம் மட்டும் ஒருநாளும் ஏறிப் பார்க்கவில்லை.

மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் பள்ளிக்கூடமும் இல்லை. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தம்பியை விடக் கிளம்பினேன். நீயும் வருகிறேன் என்றாய். பத்து வயதுப் பிள்ளையை அங்கே ஆயா சேர்க்கமாட்டாள், அடுப்போரம் விறகைக் காயவைத்துக்கொண்டு வீட்டில் இரு என்றேன். நீ விறகை எடுக்க உள்ளே போனாய்.

தம்பியை விட்டுவிட்டு எதிர்மலையில் கொழுந்துக்கு நிற்கும்போது சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். லயம் இருந்த இடத்தில் சிவந்த மண் மட்டும் இருந்தது.

இப்போது வேறு தோட்டத்தில் இருக்கிறோம். தம்பிக்கு மீசை அரும்புகிறது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் வாசலில் கட்டம் போட்டு விளையாடினால் நான் நின்றுவிடுவேன். ஒவ்வொரு படத்தையும் காட்டி, இதை எங்கே பார்த்தாய், எப்போது பார்த்தாய் என்று கேட்பேன். போன வாரம் ஒரு சிறுமி பெரிய மரம் ஒன்றைச் சாய்த்து வரைந்திருந்தாள். நான் கேட்ட கேள்வியில் பயந்துபோய், "சும்மாதான் போட்டேன் அத்தை" என்றாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். மரம் மரமாய்ப் பார்த்தேன். எல்லாம் நேராகத்தான் நின்றன.

மறுநாளும் போய்ப் பார்த்தேன்.